வரப்பைக் குடையும் வயல் நண்டு: விஷம் வேண்டாம், பானை வையுங்கள்

நெல்லுக்கு நண்டோட, தென்னைக்குத் தேரோட என்பது நம் முன்னோர் வைத்த இடைவெளிக் கணக்கு. ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் நடுவே ஒரு நண்டு தடையில்லாமல் ஓடும் அளவு இடம் விட்டு நட வேண்டும் என்பது இதன் பொருள். நடவுக்கு அளவு சொல்ல நண்டைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், வயலில் அது எவ்வளவு பழகிய பிராணி என்பது விளங்கும்.

பழகிய பிராணிதான். ஆனால் உபத்திரவமும் உண்டு. மாலையில் தண்ணீர் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்த விவசாயி காலையில் போய்ப் பார்த்தால் வயல் வற்றிக் கிடக்கும். வரப்பைச் சுற்றி வந்தால் ஓரிடத்தில் மறுபக்கம் சுரந்து ஓடிக் கொண்டிருக்கும். நண்டு வளை! தண்ணீரோடு முந்தின நாள் போட்ட யூரியாவும் அடுத்த வயலுக்கோ வடிகாலுக்கோ போய்விட்டது. இந்தக் கோபத்தில்தான் பலர் கடைக்குப் போய்க் குருணை மருந்து வாங்கி வந்து வளைக்குள் போடுகிறார்கள்.

அப்படிச் செய்ய வேண்டியதில்லை. வயல் நண்டு பயிருக்கு எதிரி என்றாலும் குடும்பத்துக்கு நல்ல உணவு. கையாலும் பானையாலும் பிடித்தால் வரப்பும் பிழைக்கும், அன்றைக்குக் குழம்பும் ஆகும். விஷம் வைத்தால் நண்டு சாகும், ஆனால் அந்த நண்டு யாருடைய சட்டிக்குப் போகும் என்பது விஷம் வைத்தவருக்கே தெரியாது. இந்தக் கட்டுரையில் வயல் நண்டைப் பிடிக்கும் முறைகளையும், எந்த நண்டை உண்ணலாம், எதைத் தொடவும் கூடாது என்பதையும், சமைக்கும் பக்குவத்தையும் பார்ப்போம்.

நண்டின் குணம்

பிடிக்க வேண்டுமானால் முதலில் அதன் பழக்க வழக்கத்தைத் தெரிந்து கொள்ள வேண்டும். வயல் நண்டு நன்னீர் நண்டு. கடல் நண்டின் குஞ்சு பல முறை உருமாறித்தான் நண்டு உருவத்துக்கு வரும். வயல் நண்டு அப்படியல்ல. முட்டைக்குள்ளேயே வளர்ந்து, வெளியே வரும்போதே பொடி நண்டாக வரும். தாய் நண்டு முட்டைகளையும் குஞ்சுகளையும் தன் வயிற்று மடலுக்கு அடியில் வைத்துச் சுமக்கும். ஆகவே இது முட்டையிடக் கடலுக்குப் போக வேண்டியதில்லை. வயலிலும் வாய்க்காலிலுமே பெருகும்.

கோடையில் வயல் காய்ந்து வெடிக்கும்போது நண்டு ஈரத்தைத் தேடி வளையை ஆழமாகத் தோண்டி உள்ளே அடங்கிவிடும். வாய்க்காலில் தண்ணீர் வந்தாலோ முதல் மழை பெய்தாலோ வெளியே வரும். டெல்டாப் பகுதியில் குறுவைக்கும் சம்பாவுக்கும் சேறு அடிக்கும் சமயத்தில் திடீரென்று நண்டு நிறையத் தென்படுவதற்கு இதுதான் காரணம்.

பகலில் வளைக்குள் இருக்கும். இருட்டிய பிறகுதான் இரை தேடும். இளம் நாற்று, அழுகிய இலை தழை, புழு, நத்தை, செத்த மீன் என்று எது கிடைத்தாலும் தின்னும். நண்டு வளர வளர அதன் ஓடு வளராது. ஆகையால் அவ்வப்போது பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புது ஓடு போடும். புது ஓடு இறுகும் வரை அதன் உடம்பு மெத்தென்று இருக்கும். அந்தச் சமயத்தில் வெளியே தலை காட்டாது.

ஆண், பெண் அறிவது எளிது. நண்டைப் புரட்டிப் பார்த்தால் வயிற்றின் மேல் மடல் ஒன்று ஒட்டியிருக்கும். ஆணுக்கு அது ஒடுங்கிக் கூம்பலாக இருக்கும். வளர்ந்த பெண்ணுக்கு வயிறு முழுவதையும் மூடும் அளவு அகன்று வட்டமாக இருக்கும்.

பயிருக்கு வரும் சேதம்

நாற்றங்காலிலும், நடவு நட்ட புதிதிலும் நண்டு தண்டைத் தரையை ஒட்டி நறுக்கிவிடும். துண்டுகள் தண்ணீரில் மிதக்கும். நட்ட பயிர் வேர் பிடித்துத் தூர் கட்டும் வரையில்தான் இந்தப் பயம். தண்டு முற்றிய பிறகு நண்டால் பெரிய கெடுதல் இல்லை. அதன் பிறகு கவலை வரப்பைப் பற்றியதுதான்.

நண்டு முழுக்கக் கெட்டது என்றும் சொல்ல முடியாது. மட்கியதைத் தின்று வயலைத் துப்புரவு செய்கிறது. கொக்குக்கும் நாரைக்கும் வாத்துக்கும் இரையாகிறது. ஆகவே அடியோடு ஒழிக்க நினைக்க வேண்டாம். வரப்பிலும் நாற்றங்காலிலும் அதன் எண்ணிக்கையைக் குறைத்தால் போதும். குஞ்சு சுமக்கும் தாய் நண்டு அகப்பட்டால் வயலைவிட்டுத் தள்ளிக் குளத்திலோ ஆற்றுப் படுகையிலோ விட்டுவிடலாம். அடுத்த ஆண்டும் குழம்பு வேண்டும் அல்லவா!

விஷம் வைப்பதில் உள்ள கேடு

எனக்குப் பத்து வயதிருக்கும். சம்பா நட்டிருந்த சமயம். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் நானும் என் தம்பியும் வரப்பின் மேல் ஏழெட்டு நண்டுகள் கிடப்பதைப் பார்த்தோம். பட்டப்பகல். ஆள் வருவதைக் கண்டும் அவை வளைக்குள் ஓடவில்லை. எங்களுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தம்பி சட்டையைக் கழற்றி, அதில் எல்லாவற்றையும் அள்ளிக் கொண்டு வீட்டுக்கு ஓடினோம்.

அப்பாயி ஒரு நண்டை எடுத்துத் தரையில் விட்டு அதன் முன்னால் ஒரு குச்சியை நீட்டினார். அது கொடுக்கைத் தூக்கவில்லை. கால்கள் மட்டும் நடுங்கின. "எந்த வயல்லடா எடுத்தீங்க?" என்று கேட்டார். சொன்னோம். முந்தின நாள் அந்த வயலில் குருணை மருந்து போட்டிருந்தது அவருக்குத் தெரியும். ஒன்று விடாமல் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, எங்கள் கைகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டார். சட்டையையும் தனியாகத் துவைத்தார். அன்று இரவு எங்களுக்கு வெறும் ரசம்தான். நாங்கள் அழுதோம். அப்பாயிக்கு மட்டும் தெரியாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது வளர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

குருணையாகவும் தெளிப்பாகவும் பயன்படும் பூச்சி மருந்துகளில் பல, நரம்பைத் தாக்கும் வகையைச் சேர்ந்தவை. பூச்சியின் நரம்பைத் தாக்குவது போலவே நண்டின் நரம்பையும், தின்றால் மனிதனின் நரம்பையும் தாக்கும். விஷம் ஏறிய நண்டு வளையில் இருக்க முடியாமல் வெளியே வந்து தள்ளாடும். அப்போது அது யார் கையிலும் எளிதாக அகப்படும். நண்டு பிடிக்கத் தெரியாத குழந்தைகளும், கூலி வேலைக்கு வந்த பெண்களும் அதைத்தான் எடுத்துப் போவார்கள். இதுதான் நண்டு வளையில் விஷம் வைப்பதில் உள்ள பெரிய கேடு.

சமைத்தால் விஷம் போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். இது தவறு. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். பூச்சி மருந்து அப்படிப் போய்விடும் என்று நம்பக் கூடாது. நண்டின் ஓட்டுக்குள் மஞ்சளாக இருக்கும் பகுதியைப் பலர் விரும்பி உண்பார்கள். அது நண்டின் ஈரல் போன்ற உறுப்பு. உடம்புக்குள் போகும் நஞ்சு அதிகமாகச் சேரும் இடமும் அதுதான்.

இதை ஒட்டி ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். 1970களின் நடுவில் கர்நாடகத்தில் ஷிமோகா மாவட்டம், சாகர் வட்டத்தில் உள்ள ஹந்திகோடு என்னும் ஊரில் ஏழை விவசாயத் தொழிலாளர்கள் பலருக்கு இடுப்பு மூட்டும் முழங்கால் மூட்டும் கெட்டு நடக்க முடியாமல் போயிற்று. மருந்து தெளித்த வயலில் பிடித்த நண்டைத் தின்றதுதான் காரணம் என்று முதலில் சந்தேகப்பட்டார்கள். பின்னர் நடந்த ஆராய்ச்சிகளில் அது பரம்பரையாக வரும் எலும்புக் கோளாறு என்று தெரிந்தது. அங்கே நண்டின் மேல் விழுந்த பழி நீங்கியது. ஆனால் மருந்து தெளித்த வயல் நண்டு ஆகாது என்ற எச்சரிக்கை அதனால் பொய்யாகிவிடாது.

போரேட் குருணையை ஒரு காலத்தில் நெல் வயலில் சர்வசாதாரணமாகப் பயன்படுத்தினார்கள். மத்திய அரசு 2018-ல் பிறப்பித்த உத்தரவின்படி 2020 டிசம்பர் 31 முதல் அது நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுவிட்டது. வீட்டுப் பரணில் பழைய பாக்கி கிடந்தாலும் அதை நண்டு வளைக்கு எடுக்கக் கூடாது.

பூச்சிக்காக வேறு மருந்து போட வேண்டி வந்தால், அந்தப் போகம் முழுவதும் அந்த வயல் நண்டை விட்டுவிடுவதே நல்லது. தண்ணீர் மடை வழியாக வயல் விட்டு வயல் பாய்வதால், மேல் வயலில் மருந்து போட்டிருந்தால் கீழ் வயல் நண்டும் ஆகாது. பக்கத்து வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பிடியுங்கள். நீங்கள் மருந்து போட்டால் நடவு ஆட்களிடமும் தெருப் பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள்.

பிடிக்கும் முறைகள்

1. பானைப் பொறி: செலவில்லாத முறை இது. வயிறு பருத்து வாய் குறுகிய மண்பானையை, வளைகள் அதிகம் உள்ள வரப்பின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலாகப் புதைக்க வேண்டும். பானையின் வாய் மண்ணோடு மட்டமாக இருக்கட்டும். உள்ளே வறுத்த தவிடு ஒரு பிடியும் கருவாட்டுத் துண்டு ஒன்றும் போட்டு வையுங்கள். வாசனைக்கு வரும் நண்டு உள்ளே விழும். வழவழப்பான பக்கத்தில் ஏறி வர அதனால் முடியாது. விடிந்ததும் எடுத்துவிட வேண்டும். தவளையும் பாம்பும்கூட விழுந்திருக்கலாம். ஆகவே டார்ச் அடித்துப் பார்க்காமல் பானைக்குள் கையை விடக் கூடாது. இரண்டு மூன்று இடத்தில் வைத்துப் பார்த்து, அதிகம் விழும் பக்கத்தில் பானைகளைக் கூட்டிக் கொள்ளலாம்.

2. இரவு வேட்டை: மழை விட்ட இரவிலும், வயலுக்குப் புதுத் தண்ணீர் பாய்ச்சிய இரவிலும் நண்டு வரப்போரம் நடமாடும். முகத்தில் வெளிச்சம் பட்டால் சற்று நேரம் திகைத்து நிற்கும். அந்த நேரத்தில் பின்பக்கமாகப் பிடித்துவிடலாம். ஒருவர் விளக்குப் பிடிக்க, ஒருவர் பிடிக்க, இரண்டு பேராகப் போவது நலம். காலுக்குச் செருப்பும் கையில் ஒரு கோலும் அவசியம்.

3. நூல் கட்டுதல்: பிள்ளைகளுக்கு ஏற்ற முறை. முள் வேண்டாம். ஒரு கயிற்றின் நுனியில் கோழிக் குடலையோ மண்புழுவையோ கட்டி வாய்க்கால் ஓரத்தில் விட வேண்டும். நண்டு கொடுக்கால் கவ்விக் கொண்டால் லேசில் விடாது. மெதுவாக இழுத்துக் கரை சேரும் முன் அடியில் கூடையைக் கொடுத்துவிட வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் விட்டுவிடும்.

4. வளையிலிருந்து எடுத்தல்: வளையின் வாயில் ஈரமான புதுச் சேறு உருண்டை உருண்டையாகக் கிடந்தால் உள்ளே நண்டு இருக்கிறது என்று அறியலாம். மண் உதிரியாகக் குவிந்து, நெல் உமியும் வெட்டிய கதிரும் கிடந்தால் அது எலி வளை. பழைய நண்டு வளையிலும் எலி வளையிலும் பாம்பு தங்கும். ஆகவே எந்த வளையிலும் கையை விடுவது ஆபத்து. நுனி வளைந்த கம்பியை உள்ளே விட்டு இழுக்கலாம். அல்லது மண்வெட்டியால் வெட்டித் திறந்து எடுக்கலாம்.

வெட்டிய இடத்தை அரைகுறையாக மூடாதீர்கள். வளையின் வாயை மட்டும் அடைத்தால் உள்ளே குடைவு அப்படியே இருக்கும். அடுத்த பாய்ச்சலில் மறுபடியும் உடைத்துக் கொள்ளும். குடைவு போகும் தூரம் வரை வெட்டித் திறந்து, களிமண்ணைத் திணித்துத் திணித்து மிதித்து, மேலே சேறு அணைக்க வேண்டும். நடவுக்கு முன் வரப்பை இரு பக்கமும் செதுக்கிச் சேறு பூசிவிட்டால் பழைய வளைகளெல்லாம் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பிடித்த நண்டைக் கையாளுவதிலும் ஒரு முறை உண்டு. ஓட்டின் பின்பக்கத்தில், கடைசிக் கால்களுக்கு நடுவே, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மேலும் கீழுமாக இருக்கும்படி பிடித்தால் கொடுக்கு எட்டாது. தப்பித் தவறிக் கவ்விவிட்டால் உதறவோ இழுக்கவோ வேண்டாம். கையைத் தண்ணீருக்குள் வைத்து அசையாமல் இருந்தால் அதுவே விட்டுவிட்டுத் தப்பிக்கப் பார்க்கும்.

எது ஆகும், எது ஆகாது

பிடித்த நண்டுகளை ஒரு குடத்தில் ஈர வைக்கோலைப் போட்டு அதில் வைக்கலாம். குடம் நிறையத் தண்ணீர் விட்டு அடைத்து வைத்தால் மூச்சுத் திணறிச் செத்துப் போகும். மறுநாள் சமைப்பதாக இருந்தால், நண்டு பாதி முழுகும் அளவு மட்டும் நல்ல தண்ணீர் விட்டு, இரண்டு மூன்று முறை மாற்றுங்கள். வயிற்றிலுள்ள சேறு வெளியேறும். சேற்று வாடையும் குறையும்.

சமைக்கும் வரை நண்டு உயிரோடு இருக்க வேண்டும். செத்த நண்டு மிக விரைவில் கெட்டுப் போகும். எப்போது செத்தது என்று தெரியாத நண்டை யோசிக்காமல் எறிந்துவிடுங்கள். பின்வரும் நண்டுகளை எடுக்கவே கூடாது:

பட்டப்பகலில் வரப்பில் சோர்ந்து கிடப்பவை.

குச்சியை நீட்டினால் கொடுக்கைத் தூக்காதவை, கால் நடுங்குபவை.

பக்கத்தில் மீனோ தவளையோ செத்து மிதக்கும் வயலில் உள்ளவை.

ஆலைக் கழிவும் சாக்கடையும் கலக்கும் வாய்க்காலில் உள்ளவை.

சதைப்பற்று உள்ள நண்டா என்று பார்க்க, அடிப்பக்கத்து ஓட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் சதை நிறைந்திருக்கும். அமுங்கினால் புதிதாக ஓடு மாற்றிய நண்டு. உள்ளே நீர்தான் இருக்கும். அமாவாசை நண்டு கொழுப்பு, பௌர்ணமி நண்டு சோடை என்று சொல்வதுண்டு. நாளைப் பார்ப்பதைவிட ஓட்டை அழுத்திப் பார்ப்பது நிச்சயமான சோதனை.

சுத்தம் செய்தல்

நண்டைப் புரட்டி வயிற்று மடலை நிமிர்த்தி, அதன் அடியில் கூரிய கத்தி முனையை ஒரே குத்தாகக் குத்தினால் உடனே அடங்கிவிடும். பிறகு மடலைப் பிய்த்து எறிந்து, மேல் ஓட்டைப் பின்பக்கமிருந்து நெம்பித் திறக்க வேண்டும். இரு பக்கமும் பஞ்சு போல அடுக்கடுக்காக இருப்பவை செவுள்கள். சேறெல்லாம் தங்கும் இடம் அது. முழுவதும் பிய்த்துவிட வேண்டும். நடுவில் உள்ள இரைப்பையையும் குடலையும் எடுத்துவிட்டு, மூன்று நான்கு தண்ணீரில் அலசுங்கள். கடைசியாகச் சிறிது மஞ்சள் தூளும் உப்பும் போட்டுக் கழுவலாம். பெரிய கொடுக்குகளை அம்மிக் குழவியால் லேசாகத் தட்டினால் மசாலா உள்ளே இறங்கும். ஓடு நொறுங்கும் அளவு தட்டினால் சில்லுகள் குழம்பில் கலந்து தொண்டையில் குத்தும்.

நண்டுக் குழம்பு

நடுத்தர வயல் நண்டு 12 எடுத்துக் கொள்ளுங்கள். சின்ன வெங்காயம் 20, பூண்டு 10 பல், தக்காளி 2, புளி ஒரு நெல்லிக்காய் அளவு, மிளகாய்த் தூள் 2 தேக்கரண்டி, மல்லித் தூள் 3 தேக்கரண்டி, மஞ்சள் தூள் அரைத் தேக்கரண்டி, கறிவேப்பிலை ஒரு கொத்து, நல்லெண்ணெய் ஒரு சிறு குழிக்கரண்டி, உப்பு தேவையான அளவு. அரைப்பதற்குத் தேங்காய் கால் மூடி, மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, சோம்பு அரைத் தேக்கரண்டி.

மண்சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் கறிவேப்பிலை, வெங்காயம், பூண்டு போட்டு வதக்குங்கள். தக்காளி குழையும் வரை வதங்கியதும் தூள்களைப் போட்டுப் பச்சை வாடை போகப் பிரட்டி, நண்டைச் சேர்த்துக் கிளறுங்கள். நண்டு நிறம் மாறிச் சிவக்கத் தொடங்கும். புளித் தண்ணீரையும் உப்பையும் சேர்த்து, நண்டு முழுகத் தண்ணீர் விட்டு மூடி வையுங்கள். கொதி வந்த பிறகு 15 நிமிஷம் வேக வேண்டும். பிறகு அரைத்த விழுதைச் சேர்த்து இன்னும் 5 நிமிஷம் கொதிக்கவிட்டு, எண்ணெய் மிதந்ததும் இறக்கலாம். யாழ்ப்பாணத்தில் நண்டுக் குழம்பை இறக்கும் முன் ஒரு பிடி முருங்கை இலை போடுவார்கள். நம் கொல்லை முருங்கையிலும் அதைச் செய்து பார்க்கலாம், மணமாக இருக்கும்.

நண்டு ரசம்

வயல் நண்டு சிறியது. கடல் நண்டைப் போல அதில் சதை இராது. ஆகவே சிறு நண்டுகளுக்குக் குழம்பைவிட ரசமே ஏற்றது. சுத்தம் செய்த 6 நண்டுகளைக் கால்களோடு உரலில் போட்டு இடித்து, 4 தம்ளர் தண்ணீர் விட்டுக் கலக்கி, துணியில் ஓடு துளியும் இல்லாமல் வடிகட்டிக் கொள்ளுங்கள். அதில் மஞ்சள் தூளும் உப்பும், நசுக்கிய தக்காளி ஒன்றும் போட்டு அடுப்பில் வையுங்கள். சூடேறும்போது சாற்றிலுள்ள சத்து திரிதிரியாகத் திரண்டு மேலே வரும். கெட்டுவிட்டது என்று நினைத்துக் கொட்டிவிடாதீர்கள். அதுதான் சதை. கொதி வந்த பிறகு 15 நிமிஷம் கொதித்ததும், ஒரு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், 6 பல் பூண்டு ஆகியவற்றைத் தட்டிப் போட்டு, இன்னொரு கொதியில் இறக்கிக் கறிவேப்பிலையும் மல்லித் தழையும் தூவலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், மூக்கடைப்போடு இருப்பவருக்குச் சூடாக ஒரு தம்ளர் கொடுத்தால் இதமாக இருக்கும்.

நன்றாக வேகட்டும்

15 நிமிஷம் என்று இரண்டு இடத்திலும் சொன்னதற்குக் காரணம் உண்டு. நன்னீர் நண்டின் உடம்பில் நுரையீரல் புழுவின் இளம் பருவம் ஒட்டியிருக்கக் கூடும். மணிப்பூர், நாகாலாந்து, அருணாசலப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் நண்டைப் பச்சையாகவும் அரைவேக்காடாகவும் உண்பவர்களில் பலருக்கு இந்தப் புழு நுரையீரலில் தங்கி, இருமலும் சளியில் இரத்தமும் வந்திருக்கிறது. காச நோய் என்று தவறாக நினைத்து வைத்தியம் செய்ததும் உண்டு. நன்றாக வெந்த நண்டில் இந்தப் பயம் இல்லை. தணலில் வாட்டித் தின்னும் பழக்கமுள்ள சிறுவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள். நண்டு இடித்த உரலையும் உலக்கையையும் கையையும் வெந்நீரில் கழுவாமல் வேறு வேலைக்கு எடுக்கக் கூடாது.

நண்டு சிலருடைய உடம்புக்கு ஒத்துக் கொள்ளாது. தின்றதும் அரிப்பு, தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு வந்தால் அவர்கள் நண்டை அறவே விட்டுவிட வேண்டும். மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உண்டவர்களுக்கு வாந்தி, பேதி, மிகுந்த வியர்வை, வாயில் எச்சில் ஊறி வழிதல், கண் மங்கல், மூச்சு முட்டல் போன்றவை கண்டால் அது பூச்சி மருந்து விஷமாக இருக்கலாம். கை வைத்தியம் பார்த்துக் கொண்டிருக்காமல் 108-க்குத் தகவல் சொல்லி உடனே கொண்டு போங்கள். வயலில் போட்ட மருந்தின் பெயர் தெரிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். உறையோ டப்பாவோ இருந்தால் எடுத்துப் போவது இன்னும் நல்லது.

உழவர் வீட்டு விருந்து

நண்டு ஏழை உணவு என்று ஒதுக்குபவர்கள் உண்டு. சங்க நூலாகிய சிறுபாணாற்றுப்படை, ஆமூருக்குப் போனால் உழவர் வீட்டில் உலக்கையால் நன்கு குற்றிய அரிசிச் சோறும் நண்டுக் கலவையும் விருந்தாகக் கிடைக்கும் என்று பாணனுக்கு வழி சொல்கிறது. வந்த விருந்தாளிக்குத் தயங்காமல் வைக்கத்தக்க உணவாக அன்றே நண்டு இருந்திருக்கிறது. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் உள்ள இந்த உணவு, காசு கொடுக்காமல் நம் வரப்பிலேயே கிடைக்கிறது.

நண்டு சாப்பிட அவசரம் ஆகாது. சூடான சோற்றில் குழம்பை ஊற்றிக் கொண்டு, ஒவ்வொரு காலாக ஒடித்து உறிஞ்சி, கொடுக்கைக் கடைசியாக வைத்துக் கொள்வது அனுபவசாலிகளின் வழக்கம். சிறு குழந்தைகளுக்குச் சதையை ஓடில்லாமல் பிரித்துக் கொடுக்க வேண்டும். மிச்சமான குழம்பை இரவில் ஒருமுறை நன்றாகக் கொதிக்க வைத்து, காலையில் மறுபடியும் சூடாக்கிப் பழைய சோற்றுக்குத் தொட்டுக் கொள்ளலாம். சாப்பிட்டுக் கழிந்த ஓடும் வீண் இல்லை. கழுவி, காய வைத்து, இடித்துக் கோழித் தீனியில் சிறிது கலந்தால் சுண்ணாம்புச் சத்து ஆகும். எரு குழியிலும் போடலாம்.

நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்பார்கள். தானாக வெளியே வரும் நண்டுக்கு வளையில் விஷம் எதற்கு? இந்தப் போகத்தில் தண்ணீர் வந்ததும் பழைய பானை இரண்டை எடுத்து வரப்போரம் புதைத்துப் பாருங்கள். விடியற்காலையில் பானையில் கிடக்கும் நண்டு குச்சியைக் கண்டதும் கொடுக்கைத் தூக்கி நின்றால், உங்கள் வயலும் அக்கம் பக்கத்து வயலும் மருந்து போடாதவையாக இருந்தால், அன்றைக்கு உங்கள் வீட்டில் நண்டுக் குழம்புதான்.